கைக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்

முகங்களை நான் மறந்துவிடுவேன். கைகளை மறப்பதில்லை. போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து, நல்லா இருக்கீங்களா மாஸ்டர் என்று கேட்டார். பேந்தப் பேந்த விழித்தேன். அவர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றும்போது, வலது கைச் சுண்டுவிரல் மற்ற நாலு விரலோடு சண்டை போட்டதுபோலத் தனியாக விலகி நிற்பது தெரிந்தது. உடனே, காலை ஆறு மணி பேட்ச், ஜன்னல் ஓரம் என்றேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். இருபத்தொன்பது வருஷம் குனிந்து குனிந்து அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி.

நான் யோகா மாஸ்டர். பெயர் சுந்தரம். ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு அறக்கட்டளை நடத்திவந்த இரண்டு யோகா மையங்களில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. இப்போது சிதம்பரம் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் கோகிலா, நான் ரிடையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். போன மாதம் அவள் போன் பண்ணி ஒரே புலம்பல். வகுப்பில் பாதி இப்போது போன் வழியாகத்தான் நடக்கிறதாம். வருகிறவர்கள் முதல் வாரமே காகாசனத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்கிறார்களாம். ஒருவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாராம், மறுநாள் மணிக்கட்டில் கட்டோடு இன்னொரு படம் வைத்தாராம். "அண்ணே, அலமேலு மேடம் இருந்தப்ப நீங்கள்லாம் எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றாள். அதற்காகத்தான் இது. ஆனால் கோகிலா, ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுத எனக்கு வராது. காகாசனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் லால்பேட்டை ஷாகுல் பாய் வந்து குறுக்கே நிற்கிறார். அவரையும் சேர்த்துத்தான் நீ படிக்க வேண்டும்.

என் ஆரம்பகாலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கீரப்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். போலீஸ் செலக்‌ஷனுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் மார்பு விரிவு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டு மூன்றாம் தடவை போகலாம் என்று ஒரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். போலீஸ் மறந்துபோய் யோகா ஒட்டிக்கொண்டது. டிப்ளமா முடித்துக் கடலூர் மையத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் காகாசனம் தண்ணி பட்ட பாடு. உள்ளங்கை இரண்டையும் ஊன்றி, முழங்காலை மேல்கையில் ஏற்றி, காலைத் தூக்கிக் காக்கா மாதிரி ஒரு நிமிஷம் நிற்பேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர் தலைமைப் பயிற்சியாளர் அலமேலு மேடம். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத சுடிதார், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சேர்ந்த அன்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லா நிக்கிறப்பா. விழத் தெரியுமா?" என்று கேட்டார். விழுவதற்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் புது பேட்ச் ஒன்றுக்கு அவர் காகாசனம் ஆரம்பித்து வைத்ததைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். மேடத்துக்கே அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் குந்தி உட்கார்ந்தார். முன்னால் ஒரு சாணுக்கு அப்பால் பெரிய தலையணை. கையை ஊன்றினார், முழங்காலை ஏற்றினார், முன்னால் சாய்ந்தார், அப்படியே வேண்டுமென்றே தலையணையில் குப்புற விழுந்தார். மூக்கில் படாமல் தாடையை உள்ளே இழுத்து நெற்றியைக் கொடுத்து, தோளோடு பக்கவாட்டில் உருண்டு எழுந்து உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "பாத்தீங்கல்ல, உசுரோடதான் இருக்கேன். இப்ப நீங்க விழுங்க" என்றார். மூன்று முறை விழுந்து காட்டாத யாரையும் அவர் காலைத் தூக்க விட்டதில்லை. விழுந்து பார்த்தவர்களுக்குப் பயம் பாதி போய்விடும். பயந்தவன்தான் பாதியில் கையை இழுப்பான், கையை இழுப்பவன்தான் அடிபடுவான் என்பது அவர் கணக்கு. அவர் வேலையில் இருந்தவரை, ஒவ்வொரு புது பேட்சுக்கும் முதலில் விழுந்தது அவர்தான்.

விழுகிற பாடத்துக்கு முன்னால் வேறு பாடங்கள் உண்டு. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கையிலோ தோளிலோ பழைய அடி உள்ளவர்கள் டாக்டர் சீட்டு கொண்டுவராமல் இந்தப் பக்கமே வரக்கூடாது. பத்து நிமிஷம் மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். பிறகு மண்டி போட்டுக் கையை ஊன்றி, எடையை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குக் கொடுத்துப் பழக வேண்டும். கைகள் தோள் அகலம், விரல்கள் நன்றாக விரிந்து, நடுவிரல் நேர் முன்னால். முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கலாம், வெளியே பிதுங்கக்கூடாது. பார்வை கைக்கு நடுவே அல்ல, ஒரு சாண் முன்னால். கீழே பார்த்தால் தலை போகும், தலை போனால் ஆளும் போவான். கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழ வேண்டும், குதிக்கக் கூடாது.

கையைத்தான் மேடம் ரொம்ப நேரம் பார்ப்பார். தரையோடு தரையாகக் குனிந்து விரல் நகங்களைப் பார்ப்பார். நகம் வெளுத்திருந்தால் விரல் நுனி தரையைப் பிடிக்கிறது என்று அர்த்தம். விரல் நுனிதான் பிரேக் என்பார். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுப்பார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்துகொண்டிருந்ததால் அவர் பையில் டிக்கெட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆள்காட்டி விரல் உள்ளங்கையில் சேருகிற இடத்தில், மேடாக இருக்குமே, அதற்கு அடியில் டிக்கெட்டைச் செருகிவிட்டு எடையைக் கொடுக்கச் சொல்வார். பிறகு மெல்ல உருவுவார். டிக்கெட் வந்துவிட்டால் அந்த இடம் அழுந்தவில்லை, பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்குகிறது என்று பொருள். உருவ முடியாமல் நின்றால் மட்டும்தான் அடுத்த படி. கீரப்பாளையத்து வீரனான என் கைக்கு அடியிலிருந்து முதல் நாள் டிக்கெட் வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. அன்றைக்கு மூக்குடைபட்ட எனக்கு மூன்று மாதம் காகாசனம் கிடையாது என்று உத்தரவானது.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டும் பின்னால் வரும். ஒன்று, அவர் யாரையும் கேட்காமல் தொடமாட்டார். முழங்கையைச் சரிசெய்யக் குனிந்தாலும், தலையணையை நகர்த்தப் போனாலும், "தொடலாமா, வெக்கலாமா?" என்று ஒரு வார்த்தை. மூன்று வருஷமாக வருகிற ஆளிடமும் தினமும் அதே கேள்வி. எனக்கு இது சுத்தச் சலிப்பு. இவரிடம் நேற்றுதானே கேட்டோம் என்றேன் ஒரு நாள். "நேத்து சரின்னது நேத்தைக்குப்பா" என்றார்.

இன்னொன்று சாம்பல் டப்பா. கடலூர்க் கடல் காற்றில் உள்ளங்கை எப்போதும் பிசுபிசுக்கும், சிதம்பரத்தில் வெயிலே போதும். ஈரக்கை வழுக்கும். முதலில் பருத்தித் துண்டால் துடைக்கச் சொல்வார். அப்படியும் வியர்க்கிற கைக்கு ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி. சிதம்பரத்தில் சன்னதித் தெருக் கடையில் பாக்கெட்டாக வாங்கி, மெல்லிய துணியில் சலித்து வைத்திருப்பார். தேய்த்துத் தட்டிவிட்டால் கை காய்ந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். நெற்றிக்கு இல்லை, கைக்கு என்று டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

ஷாகுல் பாய் வந்தது நான் சிதம்பரம் மையத்துக்கு மாறிய பிறகு. மேடம் அப்போது வாரத்தில் நாலு நாள் கடலூரிலும் இரண்டு நாள் எங்களோடும் இருப்பார். பாய் லால்பேட்டைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்து, ஊரோடு வந்துவிட்டார். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துப் பழக்கலாம் என்ற டாக்டர் சீட்டோடுதான் வந்தார். ஆனால் கை பயந்துபோய் இருந்தது. டீ தம்ளரைக்கூட இடது கையால்தான் வாங்கினார். காகாசனம் செய்துகொண்டிருந்த பேட்சை வாசலில் நின்று பார்த்துவிட்டு, எனக்கு இது கத்துக்குடுக்க முடியுமா என்று மேடத்திடம் கேட்டார்.

காகாசனமே வேண்டுமா, கை தேறினால் போதுமா என்று மேடம் கேட்டார். அவர் தன் வலது கையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாற்காலியில ஒக்காந்து தொழுவுறேன் மேடம். அது தப்பில்ல, முடியாதவங்களுக்கு அனுமதி இருக்குன்னு எங்க பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லிட்டாரு. ஆனா சுஜூதுல நெத்தியோட ரெண்டு உள்ளங்கையும் தரையில படணும். எங்கத்தா, அதான் எங்கப்பா, எம்பத்தி ரெண்டு வயசுல தரையில வெக்கிறாரு. நான் அவரு பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேன். ரமலானுக்குள்ள வெச்சிரணும்."

மேடம் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "அப்ப காக்கா வேணாம் பாய். காக்காவுக்குப் போற வழி மட்டும் போதும்" என்றார். பிறகு வழக்கம்போல, கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பாய் சங்கடத்தோடு, தப்பா எடுத்துக்காதீங்க மேடம், மாஸ்டர் தொட்டா பரவால்ல என்றார். மேடம் தலையை ஆட்டிவிட்டு, சுந்தரம் பாத்துக்குவாரு என்று நகர்ந்துகொண்டார். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. கேட்டதால்தான் அவ்வளவு சுலபமாக முடிந்தது என்பது என் மண்டையில் அப்போது ஏறவில்லை.

முதலில் சுவர். நின்றபடி உள்ளங்கையைச் சுவரில் வைத்து உடம்பின் பாரத்தை லேசாகக் கொடுப்பது. மூன்று வாரம் அதுதான். பிறகு மேஜை, பிறகு பெஞ்சு, பிறகு ஒரு அடி உயர மணை, கடைசியில் தரை. உயரம் குறையக் குறையக் கைக்குப் பாரம் ஏறும். பாய் லால்பேட்டையிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்தார். வரும்போது வீட்டுக் கொடிக்காலிலிருந்து வெற்றிலை கொண்டுவருவார். எனக்கு வெற்றிலை ஆகாது, என் மனைவிக்கு உயிர். அதனால் எங்கள் வீட்டில் என்னைவிட அவருக்கு மதிப்பு ஜாஸ்தி. சவூதி வெயிலில் மொட்டை மாடிகளில் நின்று அடுத்தவன் ரூமைக் குளிர வைத்த கதைகளை அவர் சொல்லக் கேட்டால் பேட்ச் முழுக்கச் சிரிக்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு மாஸ்டருக்கு அது கொஞ்சம் ஆபத்து. பிடித்தவர்கள் சீக்கிரம் தேற வேண்டும் என்று மனசு அவசரப்படும்.

புரட்டாசி மாதம், பொன்னுருகக் காயும் வெயில். நோன்புக்கு ஒரு வாரம்கூட இல்லை. பாய் பெஞ்சுப் படியில் இருந்தார். மேடம் பயிற்சியாளர் முகாம் ஒன்றுக்காகக் கடலூரிலேயே தங்கிவிட்டார். போகும்போது, நான் வர்ற வரைக்கும் பெஞ்சுதான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாய் என்னிடம் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை தரையில் வைத்துப் பார்த்துவிடலாம் மாஸ்டர் என்றார். அவர் கையை நான் தினமும் பார்க்கிறவன், தயாராகிவிட்டது என்று எனக்கும் தோன்றியது. மேடம் திரும்பி வரும்போது பாயைத் தரையில் காட்டி அவரை அசத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதை ஒளிப்பதற்கு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் வேறு இல்லை. மண்டி போட்டுக் கையை ஊன்றச் சொன்னேன். வியர்வையில் உள்ளங்கை நனைந்திருந்தது. துண்டால் துடைத்தால் மறு நிமிஷம் மறுபடி ஈரம். என் கை தன்பாட்டுக்கு விபூதி டப்பாவுக்குப் போயிற்று. மூடியைத் திறக்கப் போனவன் நின்றுவிட்டேன். பாய்க்கு எப்படி விபூதி கொடுப்பது? கொடுத்தால் மனசு சங்கடப்படுவாரோ, மறுக்கவும் முடியாமல் தவிப்பாரோ என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஆபீஸ் ரூமில் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா இருந்தது. அதை எடுத்துவந்து இரண்டு கையிலும் தாராளமாகத் தட்டிவிட்டேன். மணமாக இருக்கிறது மாஸ்டர் என்று சிரித்தார்.

டைல்ஸ் தரையில் பவுடர் என்ன செய்யும் என்று கேரம் ஆடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாரத்தை முன்னால் கொடுங்க பாய் என்றேன். கொடுத்தார். வலது கை சர்ரென்று முன்னால் ஓடிற்று. முழங்கை தரையில் மோதி, கன்னம் தரையில் பட்டது. சும்மா சாய்வதுதானே என்று தலையணைகூட வைக்கவில்லை நான். எழுந்து உட்கார்ந்து வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும், பரவால்ல மாஸ்டர், பரவால்ல மாஸ்டர் என்று என்னைத்தான் தேற்றினார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய், படம் எடுத்துப் பார்த்து, பிளேட்டும் எலும்பும் பத்திரம், நரம்பு சுளுக்குதான், ஒரு மாசம் கை ஊன்றக்கூடாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாசம் என்றால் ரமலான் முழுக்க என்று பாய் மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

மேடம் வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெஞ்சைத் தாண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் என்ன தடவினாய், டப்பா எங்கே இருந்தது, பக்கத்திலேயே இருந்ததை ஏன் எடுக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாய் சங்கடப்படுவாரே என்று நினைத்தேன் என்றேன்.

"அவருகிட்ட கேட்டியா?"

இல்லை என்றேன். பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத என்னத்துக்குத் தடவுனன்னு அவருகிட்ட போயிச் சொல்லிட்டு வாப்பா" என்றார்.

போக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் நோன்பு பாதி ஓடியிருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். நோன்பு மாசத்தில் வீட்டுக்கு வீடு அதுவே குவிந்துகிடக்கும் லால்பேட்டைக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோன ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். வெயிலில் நடந்துபோய்ப் பாய் வீட்டு வாசலில் நின்று முதல் வார்த்தையாகத் தண்ணீர் கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மனைவி முகம் மாறாமல் சொம்பு நிறையக் கொண்டுவந்து, குடிங்கண்ணே, நோன்பு எங்களுக்குத்தான என்றார். பாய் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் இருப்பதாகச் சொன்னார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் கொட்டகை. பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, கீழே சவுக்குக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. பாய் நீளத் துடுப்பைப் பிடித்து இடது கையால் கிண்டிக்கொண்டிருந்தார். வலது கை இடுப்பில் கட்டிய துண்டுக்குள் செருகியிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் நான் தயாரித்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் போயிற்று. பைக்குள்ளிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"பாய், அன்னிக்கு நீங்க விழுந்தது இதாலதான். பக்கத்துலயே விபூதி டப்பா இருந்துச்சு. அதத் தடவியிருந்தா வழுக்கியிருக்காது. உங்களுக்கு எப்படி அதக் குடுக்குறதுன்னு நானா நெனச்சிக்கிட்டு இதத் தடவிட்டேன்."

பாய் துடுப்பை நிறுத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாஸ்டர்" என்றார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன். சொல்லிட்டு, இன்னொரு துண்டு குடுங்க, இல்லாட்டி அடுப்புச் சாம்பல் இருந்தா குடுங்கன்னு கேட்டிருப்பேன். அவ்ளோதான். நீங்க என்னா பண்ணீங்க, எனக்கு மரியாத குடுக்குறதா நெனச்சிக்கிட்டு என்ன வுட்டுட்டு முடிவு பண்ணிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. மன்னிச்சிருங்க பாய் என்றேன். அவர் துடுப்பைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு குச்சியால் அடுப்பின் ஓரத்திலிருந்து ஆறிப்போன சாம்பலைக் கொஞ்சம் இழுத்தார். இடது கை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். சவுக்குச் சாம்பல் மாவு மாதிரி இருந்தது. பெருநாள் முடியட்டும், வருகிறேன் என்றார். அன்றைக்கு நோன்பு திறக்கிற வரைக்கும் என்னைப் போகவிடவில்லை. என் பேரீச்சம்பழத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்து, சிதம்பரத்துப் பழம், சாப்பிடுங்க என்று எல்லார் முன்னாலும் என் காலை வாரினார்.

சொன்னபடி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. கஞ்சி அடுப்புச் சாம்பலை அவர் மனைவி மூன்று தடவை சலித்துக் கொடுத்திருந்தார். மேடம் திறந்து பார்த்து, தொட்டுத் தேய்த்து, நம்மளதவிட நைசா இருக்கே என்று சொல்லி விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தார். பிறகு, "சரி பாய், செவுத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றார். பாய் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மறுபடி சுவர், மறுபடி மேஜை, மறுபடி பெஞ்சு. இந்தத் தடவை ஒவ்வொரு படியிலும் அவரை முதலில் விழச் சொல்லிக்கொடுத்தோம். அவரோடு சேர்ந்து நானும் விழுந்தேன், அது மேடத்தின் உத்தரவு. தொடும்போதெல்லாம் தொடலாமா என்று கேட்டேன். எனக்கு அது அப்புறம் சலிக்கவே இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தரைக்கு வந்தார். துண்டால் துடைத்து, அவருடைய சாம்பலைத் தேய்த்துத் தட்டி, மண்டி போட்டுக் கையை ஊன்றினார். முன்னால் தலையணை இருந்தது. அன்றைக்குப் பார்த்து மேடத்தின் பையில் டிக்கெட் இல்லை. பாய் சட்டைப் பையிலிருந்து, தான் அன்று வந்த லால்பேட்டை டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வைக்கலாமா என்று கேட்டு மேடம் அதை ஆள்காட்டி விரல் மேட்டுக்கு அடியில் செருகினார். பாய் பாரத்தை முன்னால் கொடுத்தார். நகங்கள் வெளுத்தன. மணிக்கட்டில் பழைய தையல் தழும்பு இழுபட்டது. மேடம் தரையோடு குனிந்து டிக்கெட் நுனியைப் பிடித்து உருவினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். பாய் கையை எடுக்கவில்லை. டிக்கெட் கிழிந்து பாதி மேடத்தின் கையில் வந்தது, பாதி உள்ளங்கைக்கு அடியிலேயே இருந்தது.

மேடம் அந்தப் பாதி டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "இனிமே இங்க வர வேணாம் பாய். போயி உங்கத்தா பக்கத்துல தொழுவுங்க" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பாய் மீதிப் பாதியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோகிலா, போன் வழியாக நீ டிக்கெட்டை உருவ முடியாது. அவர்களே வைத்து, வீட்டில் ஒரு ஆளை உருவச் சொல்லலாம். தலையணை இல்லாமல் ஆரம்பிக்காதே, விழுந்து பழகாதவர்களைக் காலைத் தூக்க விடாதே, போட்டோவுக்கு அவசரப்படுகிறவர்களைச் சுவரிலிருந்து ஆரம்பிக்கச் சொல். மற்றதெல்லாம் உனக்கே தெரியும். கேட்பதை மட்டும் விட்டுவிடாதே, அதற்குப் போன் போதும்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று காலையில் பாய் என்னை வரச் சொல்லியிருந்தார். ஊர் எல்லையில் திடலில் தொழுகை. நான் ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகள், எந்த முகமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் ஒன்றாக நெற்றியைத் தரையில் வைத்தார்கள். என் பக்கமிருந்த வரிசைகளில் கைகள் தெரிந்தன. எல்லாக் கையிலும் விரல்கள் ஒட்டிச் சேர்ந்திருந்தன. மூன்றாவது வரிசையில் சுருங்கிப்போன ஒரு வயசான கைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு வலது கை மட்டும் ஐந்து விரலையும் அகல விரித்துத் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வெட்கப்படாமல் அழுதேன்.

தொழுகை முடிந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். கையைப் பார்த்தேன் பாய், விரல் விரிந்திருந்தது என்றேன்.

"சுஜூதுல வெரலச் சேத்து வெக்கணும்னு ஹஜரத்தும் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. கை கேக்க மாட்டேங்குது மாஸ்டர். மேடத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வெரலச் சேக்கப் பழகணும்னு மறுபடி செவுத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க."